தடைக்காலத்தில் தொலைந்த மைனஸ் பத்து: ஓர் ஐஸ் கம்பெனியின் பி.எல்.சி. நினைவகக் கோளாறு

இடமும் இயந்திரமும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் ஐஸ் கம்பெனியில் நடந்தது இது. விசைப்படகுகளுக்கு 50 கிலோ பார் ஐஸ் போடும் இடம். பிரைன் (உறையாத உப்புத்தண்ணீர்) தொட்டியில் வரிசைக்கு 20 கேன் வீதம் 20 வரிசை, மொத்தம் 400 கேன். முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 20 டன். 30 கிலோவாட் மோட்டார் பூட்டிய இரண்டு அமோனியா கம்ப்ரஸர்கள், தொட்டிக்குள் உப்புத்தண்ணீரைச் சுற்றவிடும் அஜிடேட்டர், கண்டென்ஸர் பம்புகள். இவற்றை ஒரு சிறிய பி.எல்.சி.யும் (இயந்திரங்களைத் தானாக இயக்கும் தொழிற்சாலைக் கணினி) அதன் தொடுதிரையும் ஓட்டுகின்றன.

பி.எல்.சி.யின் வேலை பெரிதல்ல. பிரைன் மைனஸ் 10.0 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் கம்ப்ரஸரை நிறுத்தவேண்டும், மைனஸ் 9.0-க்கு ஏறினால் மறுபடி ஓட்டவேண்டும். நின்ற கம்ப்ரஸர் 5 நிமிடம் கழியாமல் மறுபடி கிளம்பக்கூடாது. இரண்டில் ஓடிய மணி குறைந்ததை முன்னால் ஓட்டவேண்டும். எந்த வரிசைக்கு எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்று நேரம் பிடித்து, எந்த வரிசை இழுக்கத் தயார் என்று திரையில் காட்டவேண்டும். அமோனியாவின் அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் உயர் அழுத்த, தாழ் அழுத்த கட்-அவுட்கள் பி.எல்.சி. வழியாகப் போகாமல் நேராக ஸ்டார்ட்டர் ஒயரிங்கில் இருந்தன. பின்னால் நடந்த இரண்டு கோளாறிலும் ஆளுக்குச் சேதமில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

செட் பாயின்ட் (கம்ப்ரஸரை நிறுத்தும் வெப்பநிலை), இடைவெளி (நிறுத்துவதற்கும் மறுபடி ஓட்டுவதற்கும் நடுவிலுள்ள டிகிரி), தாமத நேரம், ஓடிய மணி, வரிசை நேரம் எல்லாமே மின்சாரம் போனாலும் நிற்கவேண்டியவை. மொத்தம் 64 வேர்டு (ஒரு வேர்டு என்பது 16 பிட்). பேனல் செய்தவர் இவை முழுவதையும் ‘ரீடெய்ன்’ என்று குறித்திருந்தார். ஐ.இ.சி. 61131-3 தரம் தரும் சொல் அது. அப்படிக் குறித்த மாறி, மின்சாரம் போய்த் திரும்பும்போது பழைய மதிப்போடு எழவேண்டும் என்று தரம் சொல்கிறது. அந்த மதிப்பை எதில் வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பதைக் கருவி செய்தவரிடம் விட்டுவிடுகிறது. இந்த வழக்கின் முதல் பாதி அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

இந்த பி.எல்.சி. ரீடெய்ன் தரவை, மின்சாரம் நின்றால் மறந்துவிடும் ரேம் நினைவகத்தில் வைத்து, மின்சாரம் இல்லாதபோது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் ஒரு சூப்பர் கெபாசிட்டரால் தாங்குகிறது. புதிதாக இருக்கும்போது சுமார் 100 மணி நேரம் தாங்கும் என்கிறது கையேடு. வெக்கையில் அது குறையும், வயதானால் இன்னும் குறையும். லித்தியம் பேட்டரி கேட்ரிட்ஜ் தனியாக வாங்கி மாட்டலாம், மாட்டியிருக்கவில்லை. இவை தவிர ஈஈப்ராம் என்ற நினைவகச் சிப் ஒன்று உண்டு. எழுதியதை வைத்திருக்க அதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் புரோகிராம் எழுதச் சொன்னால்தான் எழுதும், ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதும்வரைதான் கையேடு உத்தரவாதம் தருகிறது.

முதல் கோளாறு: ஜூன் 11 முதல் 14 வரை

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அந்தக் காலத்தில் ஐஸுக்கு வேலை இல்லை. முந்தைய இரண்டு தடைக்காலங்களிலும் கம்ப்ரஸரை நிறுத்தினார்களே தவிர பேனல் மெயினை இறக்கவில்லை. லைட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் அதே பேனலிலிருந்துதான் கரன்ட். மூன்றாவது ஆண்டு, பேனலுக்குள் கரன்டைப் பிரித்துத் தரும் பஸ்பார் துருப்பிடித்து மாற்றவேண்டியிருந்ததால் ஏப்ரல் 17 அன்று மெயினை இறக்கினார்கள். லைட்டுக்குத் தற்காலிகமாக வேறு லைன் இழுத்துக்கொண்டார்கள். திரும்ப ஏற்றியது ஜூன் 11. நடுவில் 55 நாள், அதாவது 1,320 மணி நேரம். 100 மணி தாங்கும் கெபாசிட்டர் ஏப்ரல் மாதத்திலேயே காலியாகியிருக்கும்.

ஜூன் 11 காலையில் எல்லாம் ஒழுங்காகக் கிளம்பியது போலத்தான் தெரிந்தது. பிரைன் 30 டிகிரியில் கிடந்தது, இரண்டு கம்ப்ரஸரும் விடாமல் ஓடின. செட் பாயின்ட் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 0.0, 0.0, 0 என்று வரிசையாகப் பூஜ்ஜியம் தெரிந்திருக்கும்.

ஜூன் 12 நள்ளிரவு தாண்டி பிரைன் 0 டிகிரியைத் தொட்டதும் சிக்கல் தொடங்கியது. செட் பாயின்ட் 0, இடைவெளி 0, மறு ஓட்டத் தாமதம் 0. சென்ஸார் 0.1 டிகிரி அசைந்தாலே நிறுத்து, மறுபடி 0.1 அசைந்தால் ஓட்டு. அஜிடேட்டர் கலக்கும் தண்ணீரில் அந்த அசைவு நிற்காது. கம்ப்ரஸர் 1 சில விநாடிக்கு ஒருமுறை கிளம்பி நின்றது. மோட்டாரை முதலில் குறைந்த கரன்டில் (ஸ்டார்) கிளப்பி, பிறகு முழு மின்னழுத்தத்துக்கு (டெல்டா) மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஸ்டார் நிலையைத் தாண்டவேயில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும் கரன்டை ஸ்டார் காண்டாக்டர் என்ற மின்சுவிட்சே வெட்டவேண்டியதாயிற்று. விடிவதற்குள் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டன. ஸ்டாரும் டெல்டாவும் ஒன்றாக மூடாதபடி தடுக்கும் இன்டர்லாக் இருந்ததால் டெல்டா மூடவில்லை. மோட்டார் ஸ்டாரிலேயே இழுத்து ஓவர்லோடு டிரிப் ஆனது. மோட்டார் தப்பியது.

காண்டாக்டர் மாற்ற ஒரு நாள் போயிற்று. படகுகள் தொழிலுக்கு இறங்கும் ஜூன் 14 இரவுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த ஐஸில் பாதிக்கு மேல் வெளியில் வாங்கிக் கொடுத்தார்கள். பண நஷ்டத்தில் காண்டாக்டர் விலை சின்னது, அந்த ஐஸ்தான் பெரியது.

இன்னொரு தடயமும் அன்றே இருந்தது. திரையில் தேதி 1990 ஜனவரி 1-இலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. இந்த பி.எல்.சி.யின் கடிகாரமும் அதே கெபாசிட்டரில் தொங்குகிறது. அது காலியானால் கடிகாரம் அந்தத் தேதிக்குப் போய்விடும். தேதி தவறு என்று பார்த்தவர்கள் தேதியை மட்டும் திருத்தினார்கள். தேதி போயிருந்தால் கூடவே மற்றதும் போயிருக்கும் என்று நினைக்கத் தோன்றவில்லை. போதாததற்கு, ‘ரீடெய்ன் தரவு தொலைந்தது’ என்று, கரன்ட் வந்து புரோகிராம் ஓடும் முதல் சுற்றில் மட்டும் 1 ஆகும் ஒரு சிஸ்டம் பிட்டும் இந்தக் கருவியில் உண்டு. புரோகிராமில் அதை எங்கும் கேட்கவே இல்லை.

முதல் திருத்தம்: ஜூன் 14

பேனல் செய்தவர் வந்து மதிப்புகளை மறுபடி தட்டினார். இனி இப்படி ஆகாதிருக்க இரண்டு வரி சேர்த்தார். ஒன்று, 10 விநாடிக்கு ஒருமுறை 64 வேர்டையும் ஈஈப்ராமுக்கு நகலெடு. இரண்டு, மின்சாரம் வந்து ஓடும் முதல் சுற்றில் ஈஈப்ராமிலிருந்து ரேமுக்குத் திருப்பி எடு.

மெயினை இறக்கி ஏற்றிச் சோதித்தார்கள். மதிப்பு நின்றது. எல்லோருக்கும் திருப்தி.

கணக்குப் போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 10 விநாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 8,640 முறை. 1,00,000-ஐ 8,640-ஆல் வகுத்தால் பதினொன்றரை நாள். ஜூன் 26 வாக்கிலேயே உத்தரவாத எல்லை தாண்டியாயிற்று. நடைமுறையில் ஈஈப்ராமின் நினைவகச் செல்கள் அந்த எல்லையைப்போலப் பல மடங்கு தாங்குவது வழக்கம்தான். அதனால்தான் அன்றே கெடாமல் நான்கு மாதம் ஓடிற்று, அதனாலேயே கெட்டபோது ஜூன் மாத வேலையோடு யாரும் முடிச்சுப் போடவில்லை.

இது அறியாத்தனத்தால் வந்த தவறு என்று எழுதிவிட முடியாது. ரேமில் எத்தனை கோடி முறை எழுதினாலும் ஒன்றும் ஆகாது. ஈஈப்ராமுக்கு எழுதும் கட்டளையும் பார்வைக்கு அதே மாதிரி ‘மூவ்’ கட்டளைதான். புரோகிராம் திரையில் இரண்டும் ஒரே பெட்டி. தேய்மானம் பற்றிய எச்சரிக்கை கையேட்டின் வேறொரு பக்கத்தில், பின்னிணைப்பில் ஒரு வரியாக இருந்தது.

இரண்டாவது கோளாறு: அக்டோபர் 22 முதல்

அக்டோபர் 22 மாலை இடிமழையில் 35 நிமிடம் கரன்ட் இல்லை. திரும்பி வந்ததும் எல்லாம் தானே கிளம்பியது. இந்த முறை பூஜ்ஜியம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை.

அக்டோபர் 24 காலை, தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் கடந்த வரிசையை கிரேனில் இழுத்தபோது பார்களின் நடுவில் தண்ணீர் நின்றது. ஓரம் உறைந்து நடு உறையாத பார் கிரஷரில் பாதி குழம்பாகப் போகும். படகுக்காரர் வாங்கமாட்டார்.

அடுத்த இரண்டு நாள் தவறான இடங்களில் தேடிக் கழிந்தது. அமோனியா குறைவோ என்று ரிசீவர் மட்டம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மழைத்தண்ணீர் தொட்டியில் இறங்கி பிரைன் நீர்த்துவிட்டதோ என்று ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி பார்த்து, கொஞ்சம் குறைவு என்று நான்கு மூட்டை உப்பு போட்டார்கள். அஜிடேட்டர் பெல்ட்டை இறுக்கினார்கள். இதற்கிடையில் திரையில் ‘கம்ப்ரஸர் 2 ஆயில் மாற்றும் காலம் கடந்தது’ என்று எச்சரிக்கை வந்தது. சரி, அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று ஆயிலை மாற்றினார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத ஆயில் அது.

26 அன்று ஆபரேட்டர் ஒருவர் கண்ணாடித் தெர்மாமீட்டரை பிரைனில் முக்கிப் பார்த்தார். மைனஸ் 6.5. திரையும் அதையே காட்டியது, ஆக சென்ஸாரில் பிழை இல்லை. அந்த வெப்பநிலையிலேயே கம்ப்ரஸர்கள் நின்று நின்று ஓடின. அப்போதுதான் செட் பாயின்ட் பக்கத்தைத் திறந்தார்கள். மைனஸ் 6.8 என்று இருந்தது.

மைனஸ் 6.8 பார்க்க அபத்தமான எண் அல்ல. யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுமே தவிர, கருவி கெட்டது என்று தோன்றாது. “நான் தொடவே இல்லைண்ணே” என்று இரண்டு ஷிப்ட்டும் சொன்னதை முதலாளி நம்பவில்லை. மைனஸ் 10.0 என்று திருத்தி, தொடுதிரைக்குக் கடவுச்சொல் போட்டார். இரண்டு நாளில் பார் சரியாக வந்தது. 29 அன்று மறுபடி பத்து நிமிடம் கரன்ட் போய் வந்தது. மறுபடி மைனஸ் 6.8, அதே எண்.

கடவுச்சொல் யாருக்கும் தெரியாத நிலையில், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதே தவறான மதிப்பு திரும்பி வந்தால், அது கை செய்த வேலை அல்ல. அடுத்த நாள் பி.எல்.சி. தெரிந்த வேறு ஆட்களை அழைத்தார்கள்.

பிரைன் சற்றே சூடானதற்கு பார் ஏன் அவ்வளவு பிந்தியது என்று கேட்பவர்களுக்கு, ஐஸ் தொழிலில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. பாரின் தடிமனை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி 7-ஆல் பெருக்கவேண்டும், 32-லிருந்து பிரைனின் ஃபாரன்ஹீட் வெப்பநிலையைக் கழித்து அதனால் வகுக்கவேண்டும், வருவது மணி. இங்கே தடிமன் ஏழரை அங்குலம், மேலே 393.75. சராசரி மைனஸ் 9.5 செல்சியஸ் என்றால் 14.9 ஃபாரன்ஹீட், கீழே 17.1, விடை 23 மணி. செட் பாயின்ட் மைனஸ் 6.8 என்றால் ஒரு டிகிரி இடைவெளியோடு சராசரி மைனஸ் 6.3, கீழே 11.3, விடை ஏறத்தாழ 35 மணி. 24 மணிக்கு இழுத்தால் நடுவில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்.

கண்டுபிடித்த விதம்: அக்டோபர் 30

முதலில் கம்ப்ரஸர்களைக் கைமுறைக்கு மாற்றினார்கள். புரோகிராமையும் 64 வேர்டின் அப்போதைய மதிப்பையும் லேப்டாப்பில் ஏற்றி, முக்கியமானவற்றைக் காகிதத்திலும் எழுதிக்கொண்டார்கள். லேப்டாப் இணைக்கும் அவசரத்தில் அதிலிருந்து பி.எல்.சி.க்குப் புரோகிராமை இறக்கிவிட்டால் தரவு பகுதியும் சேர்ந்து அழியும், பிறகு பார்ப்பதற்குத் தடயமே இருக்காது.

திரையில் இரண்டு எண்கள் விசித்திரமாக இருந்தன. செட் பாயின்ட் ஒன்று, கம்ப்ரஸர் 2 ஓடிய மணி மற்றொன்று. திரை 10,680.4 என்றது. ஷிப்ட் நோட்டில் அக்டோபர் 22 காலை எழுதியதிலிருந்து கூட்டிப் பார்த்தால் 4,126.8 வரவேண்டும். வித்தியாசம் 6,553.6 மணி.

மணி, பி.எல்.சி.க்குள் மணியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, முழு எண்ணாக, இரண்டு வேர்டில் இருக்கிறது. ஆக உண்மையான வித்தியாசம் 65,536. அது இரண்டின் 16-ஆவது அடுக்கு. மேல் வேர்டில் 0 இருக்கவேண்டிய ஒரே ஒரு பிட் 1 ஆகியிருக்கிறது. செட் பாயின்டும் அப்படியே. மைனஸ் 10.0 என்பது உள்ளே மைனஸ் 100. 16 பிட்டில் 1111 1111 1001 1100. மைனஸ் 6.8 என்பது மைனஸ் 68. 1111 1111 1011 1100. வலமிருந்து ஆறாவது பிட் மட்டும் 0-விலிருந்து 1. வித்தியாசம் 32.

மனிதர் தவறாகத் தட்டினால் வித்தியாசம் எந்த எண்ணாகவும் இருக்கும். இரண்டு வெவ்வேறு மதிப்பிலும் வித்தியாசம் இரண்டின் அடுக்காகவே வந்தால், முதலில் நினைவக பிட்டைத்தான் சந்தேகப்படவேண்டும். மேலே விவரித்த எல்லாவற்றிலும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் மனதில் வைக்கவேண்டிய ஒரே சோதனையைச் சொல்லச் சொன்னால், இதைத்தான் சொல்லவேண்டும். கால்குலேட்டர் போதும்.

பிறகு ரேமில் சரியான மதிப்புகளைத் தட்டி, அடுத்த 10 விநாடி எழுத்து முடிந்ததும் ரேமையும் ஈஈப்ராமையும் பக்கத்தில் வைத்து வேர்டு வேர்டாக ஒப்பிட்டார்கள். 64-இல் 9 வேர்டு பொருந்தவில்லை. பொருந்தாத ஒவ்வொரு பிட்டும் ரேமில் 0, ஈஈப்ராமில் 1. தேய்ந்த செல் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்க முடியாமல் அழிந்த நிலைக்கே திரும்புகிறது. இந்தக் கருவியில் அழிந்த நிலை 1. 10 விநாடி எழுத்தை நிறுத்திவிட்டு அந்த இடங்களில் எல்லாம் 0 என்று எழுதித் திரும்பப் படித்தார்கள். அதே பிட்கள் 1 என்றே வந்தன. எல்லாம் 1 என்று எழுதியபோது பிழை இல்லை. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது. ஜூன் 14-லிருந்து அக்டோபர் 22 வரை 130 நாள். மின்தடை நேரம் கழித்தால் சுமார் 11 லட்சம் முறை எழுதியிருக்கிறது.

அந்த 35 நிமிட மின்தடையின்போது ரேமில் சரியான மதிப்பு பத்திரமாக இருந்தது. கெபாசிட்டருக்கு 35 நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. மின்சாரம் வந்ததும் முதல் சுற்றில், நல்ல ரேமின் மேல் கெட்ட ஈஈப்ராமைப் புரோகிராமே கொட்டியது. பாதுகாப்புக்கு என்று சேர்த்த வரி அது.

தற்காலிக ஏற்பாடு

உடனே பி.எல்.சி. மாற்றக் கையில் உதிரி இல்லை. மழைக்காலமானாலும் கடல் அமைதியான நாளில் ஐஸ் கேட்பார்கள். அக்டோபர் 31 அன்று 10 விநாடி எழுத்தை நீக்கி, ஈஈப்ராமில் அதுவரை தொடாத வேறு முகவரிக்கு 64 வேர்டையும் ஒரே ஒரு முறை எழுதினார்கள். முதல் சுற்றில் திருப்பி எடுப்பதை, ‘ரீடெய்ன் தரவு தொலைந்தது’ பிட் வந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். புரோகிராமும் அதே சிப்பில்தான் இருக்கிறது, வேறு இடத்தில். அது கெடவில்லை என்றாலும் அந்தச் சிப்பை நம்பி ஒரு சீசன் ஓட்ட வேண்டாம் என்று முடிவாயிற்று. புது பி.எல்.சி. நவம்பர் 8 அன்று மாட்டப்பட்டது.

மறுவடிவமைப்பு: எது நிற்கவேண்டும், எவ்வளவு நாள்

64 வேர்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் வடிவமைப்புத் தவறு. ஒவ்வொரு மாறிக்கும் மூன்று கேள்வி கேட்டார்கள். எத்தனை முறை மாறுகிறது, எத்தனை நாள் இருட்டைத் தாங்கவேண்டும், தவறாக வந்தால் என்ன கெடும்.

செட் பாயின்ட்கள், தாமத நேரங்கள் 18. மாதத்தில் சில முறைதான் மாறும், தவறினால் இயந்திரம் கெடும். இவை திரையில் மாற்றி ‘சேமி’ அழுத்தினால் மட்டும், அதுவும் பட்டன் அமுங்கும் அந்த ஒரு கணத்தில், ஒருமுறை ஈஈப்ராமுக்குப் போகும். பட்டனை அழுத்திப் பிடித்தால் சுற்றுக்குச் சுற்று எழுதும் பிழை இங்கே எளிதில் நுழையும். எழுதியதும் திரும்பப் படித்து ஒப்பிடும். பிரைன் செட் பாயின்ட் மைனஸ் 12.0-க்கும் மைனஸ் 8.0-க்கும் வெளியே இருந்தால் ஏற்காது. அந்த எல்லை முன்பே இருந்திருந்தால் மைனஸ் 6.8-ம் 0.0-வும் இரண்டும் வாசலிலேயே நின்றிருக்கும்.

ஓடிய மணியும் பார் எண்ணிக்கையும் விடாமல் மாறுபவை; ஒரு மணி நேரக் கணக்கு போனாலும் குடி முழுகாது. இவை ரேமில் இருந்து மணிக்கு ஒருமுறை ஈஈப்ராமுக்கு, அதுவும் ‘அ’, ‘ஆ’ என்ற இரண்டு இடத்தில் மாறி மாறி எழுதப்படும். ஓர் இடத்துக்கு நாளைக்கு 12 எழுத்து. 1,00,000-ஐ எட்ட 8,333 நாள், 22 ஆண்டுக்கு மேல். எழுதும்போதே கரன்ட் போனாலும் மற்ற இடம் முழுமையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எழுதிய வரிசை எண்ணும் செக்சமும் (தரவு கெட்டதா என்று காட்டும் சோதனை எண்) உண்டு.

செக்சத்தில் ஒரு பொறி இருந்தது, மேசைச் சோதனையில்தான் அகப்பட்டது. வெறும் கூட்டுத்தொகையைச் செக்சமாக வைத்தால், எல்லா வேர்டும் 0 ஆகிப்போன நினைவகத்தின் கூட்டுத்தொகையும் 0, பதிந்த செக்சமும் 0. சோதனை ‘சரி’ என்றே சொல்லும். கூட்டலை 0-விலிருந்து தொடங்காமல் 23,205-இலிருந்து தொடங்கவைத்தார்கள். எந்த எண்ணானாலும் பரவாயில்லை, 0 மட்டும் கூடாது.

வரிசைக்குத் தண்ணீர் ஊற்றிய நேரங்கள் ரேமில் மட்டும். அவை தொலைந்தால் திரை ‘தெரியவில்லை’ என்று காட்டி ஆபரேட்டரிடம் கேட்கும். உண்மையில் தொட்டியோரம் மரப்பலகையில் சாக்பீஸால் எழுதும் வழக்கம் அங்கே நிற்கவே இல்லை. மின்சாரம் இல்லாமல் 55 நாள் தாங்கிய ஒரே பதிவும் அதுதான்.

நான்காவது வகை, நிற்கவே கூடாதவை. கம்ப்ரஸர் ‘ஓடு’ என்ற பிட் அந்த 64 வேர்டுக்குள் ஒளிந்திருந்தது. அக்டோபர் 22 அன்று கரன்ட் வந்ததும் எல்லாம் தானே கிளம்பியது என்றோமே, அதற்குக் காரணம் இது. மின்தடை நேரத்தில் பெல்ட்டில் கை வைத்திருக்கும் ஆளை இது கேட்காது. ஓடு கட்டளைகள் எல்லாம் ரீடெய்னிலிருந்து நீக்கப்பட்டு, மின்சாரம் வந்தபின் ஆபரேட்டர் அழுத்தினால்தான் ஓடும் என்றாயிற்று. இரவு ஷிப்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கவில்லை.

மின்சாரம் வந்ததும் நடக்கும் வரிசை: ரேமின் செக்சம் சரியா? சரியென்றால் ரேமைத் தொடாதே. இல்லையென்றால் செட் பாயின்டை ஈஈப்ராமிலிருந்து எடு. மணிக்கணக்கை ‘அ’, ‘ஆ’ இரண்டில் செக்சம் சரியாக இருந்து வரிசை எண் அதிகமானதிலிருந்து எடு. அதுவும் கெட்டிருந்தால் புரோகிராமிலேயே எழுதியுள்ள தொடக்க மதிப்புகளை எடுத்து, திரையில் சிவப்பு எச்சரிக்கை காட்டி, ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தரும்வரை தானியங்கியைத் தடு.

எடுக்காத வழிகள்

கரன்ட் போகும் அந்த நொடியில் மட்டும் எழுதினால் போதாதா என்ற யோசனை வந்தது. 24 வோல்ட் பவர் சப்ளை முழுச் சுமையில் மெயின் போனபின் தாங்குவது 20 மில்லிவிநாடி அளவு. ஈஈப்ராமில் ஒரு வேர்டு எழுத 5 மில்லிவிநாடி, 64 வேர்டுக்கு 320. பாதியில் அறுந்த தரவுதான் மிஞ்சும். தனியாக 24 வோல்ட் பஃபர் மாட்யூல் போட்டால் முடியும். மணிக்கு ஒருமுறை எழுதுவதே போதும் என்பதால் அந்தச் செலவு வேண்டாம் என்று விட்டார்கள். எஃப்-ரேம் என்ற வேறு வகை நினைவகம் உள்ள கட்டுப்படுத்தி என்றால் தேய்மானப் பேச்சே எழாது. ஆனால் அது வேறு மாடல், புரோகிராம் முழுவதையும் புதிதாக எழுதவேண்டும்.

பேட்டரி கேட்ரிட்ஜ் மட்டும் வாங்கினார்கள். மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் சேர்த்து சுமார் 200 நாள் தாங்கும். மூன்று தடைக்காலம் 183 நாள். ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போதே, மாற்றுவதென்று முடிவு. அணைத்துவிட்டு மாற்றினால் கெபாசிட்டரின் தயவில் நிற்கவேண்டும்.

அடுத்த தடைக்காலம்

ஈஈப்ராமில் மணிக்கணக்கை எத்தனை முறை எழுதினோம் என்று எண்ணும் மாறி ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். நவம்பர் 8 முதல் ஏப்ரல் 14 வரை 157 நாளுக்கு 3,768 வரவேண்டும். காட்டியது 3,741. குறைந்த 27, மின்தடை நேரங்கள்.

ஏப்ரல் 16 அன்று வேண்டுமென்றே மெயினை இறக்கினார்கள். ஜூன் 11 அன்று ஏற்றுமுன், கதவின் உட்பக்கம் லேமினேட் செய்து ஒட்டிய தாளில் உள்ள 18 மதிப்பையும் எதிரே வைத்துக்கொண்டார்கள். தேதி உட்பட எல்லாம் பொருந்தின. ஓடிய மணியும் நோட்டோடு ஒத்தது. பிறகு மெயினை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, ஒரு வாரம் விட்டிருந்தால்தான் ஈஈப்ராம் வழி முழுதும் சோதனையாகியிருக்கும். அதற்கு நாள் இல்லை. லேப்டாப்பால் ரேமின் செக்சத்தைக் கெடுத்து, மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள். ‘ஆ’ இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு ‘ஆ’-வையும் கெடுத்தார்கள், ‘அ’-விலிருந்து எடுத்தது. மூன்றையும் கெடுத்தபோது சிவப்பு எச்சரிக்கை காட்டி நின்றது.

இன்னும் மாற்றவேண்டியவை

ரீடெய்ன் மாறிகளின் பட்டியலை மாற்றிப் புரோகிராமை இறக்கும்போது முகவரிகள் நகர்ந்து பழைய மதிப்பு வேறு மாறியில் போய் விழ வாய்ப்புண்டு. இதற்கு ஒரு பதிப்பு எண்ணை வைத்து, பொருந்தாவிட்டால் தொடக்க மதிப்புக்குப் போகும்படி செய்யவேண்டும். இன்னும் செய்யவில்லை, இப்போதைக்கு இறக்குமுன் மதிப்புகளைக் காகிதத்தில் எடுப்பது வழக்கமாக இருக்கிறது. பேட்டரி வலுவிழந்ததைக் காட்டும் பிட்டைத் திரை எச்சரிக்கையில் சேர்க்கவேண்டியிருக்கிறது.

கழற்றிய பழைய பி.எல்.சி. ஸ்டோரில் இருக்கிறது. பார்வைக்குப் புதிது போலவே இருக்கும், மாட்டினால் ஓடவும் செய்யும். அவசரத்தில் யாரும் உதிரியாக எடுத்துவிடாமலிருக்க அதன் முகப்பில் சிவப்பு பெயிண்டில் ‘மெமரி போனது’ என்று எழுதி, டெர்மினல் பிளாக்கைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறார்கள்.